பாடகர் சென்ற பின்

ஒரு ஞாயிறு ஓர் ஊர், மறு ஞாயிறு வேறோர் ஊர் என்று சபை சபையாகச் சென்று வழிபாட்டை முன்னின்று நடத்தும் குழுக்கள் வட அமெரிக்க மெனோனைட் மக்களிடையே உண்டு. இளைஞர் குழுக்களும் அவர்தம் கல்லூரிகளின் பாடகர் குழுக்களும் இவ்வாறு புறப்படுகின்றன. பாடலும் வாசகமும் மன்றாட்டும் அன்று அவர்கள் பொறுப்பு. சபையார்க்கோ அன்று ஓய்வு. இந்த ஓய்வைப் பற்றியே நமக்கு வழக்கு.

இக்குழுக்களை எதிர்ப்போர் ஒரு காரணம் கூறுவர். வழிபாடு என்பது ஒருவரையொருவர் அறிந்தோர் கூடிச் செய்யும் செயல். வழிப்போக்கர் வந்து நடத்துவது மெனோனைட் மரபுக்கே புறம்பு என்பர். வரலாறு இவர்களுக்குச் சான்று பகரவில்லை. எவர் பெயரால் இம்மக்கள் அழைக்கப்படுகின்றனரோ அந்த மென்னோ சைமன்ஸே ஊர் ஊராய் அலைந்தவர். கத்தோலிக்கக் குருவாயிருந்த அவர் 1536இல் பிரிந்து சென்று மறுதிருமுழுக்கு இயக்கத்தாரோடு சேர்ந்தார். 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவரைப் பிடித்துத் தருவோர்க்கு 100 கில்டர் பரிசு அறிவித்தார். அதன் பின்னும் அவர் மறைவிடங்களில் கூடிய மக்களைத் தேடிச் சென்று போதித்தார். வழிநடைப் பணியை அந்நியம் என்பவர் தம் தந்தையரையே அந்நியராக்குகிறார்.

பாடலின் கதையும் அவ்வாறே. இவ்வியக்கத்தின் தொடக்ககாலத் தலைவருள் ஒருவரான கோன்ராட் கிரேபெல், 1524இல் தாமஸ் மியூன்ட்சருக்கு எழுதிய மடலில், வழிபாட்டில் பாடுவதையே கண்டித்தார். ஆனால் மக்கள் பாடாமல் இருக்கவில்லை. 1535இல் பாசாவுக் கோட்டையில் சிறையிடப்பட்டோர் அங்கேயே பாடல்கள் இயற்றினர். 1564இல் அச்சேறியதாக அறியப்படும் 'அவுஸ்புண்ட்' என்னும் பாடல் நூலின் கரு அப்பாடல்களே. ஆமிஷ் மக்கள் இன்றும் வாத்தியமின்றி, ஒரே குரலில் அவற்றைப் பாடுகின்றனர். அச்சிறைவாசிகளுக்காக வெளியிலிருந்து எவரும் வந்து பாடவில்லை.

அப்படியாயின் மெனோனைட் சபைகளின் புகழுக்கெல்லாம் காரணமான நான்கு குரல் பாட்டு எங்கிருந்து வந்தது? பயணம் செய்த ஆசிரியர்களால் வந்தது! வர்ஜீனியாவில் ஜோசப் ஃபங்க் என்னும் மெனோனைட்டர் 1832இல் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று சுரத்துக்கொரு வடிவம் தந்து, இசை கல்லாதாரும் ஏட்டைப் பார்த்துப் பாட வழிசெய்த நூல் அது. அவரும் அவர் மைந்தரும் பல ஊர்களில் பாட்டுப் பள்ளிகள் நடத்தினர். பல குரலில் பாடுவது செருக்கு என்று பல சபைகளில் முதியோர் ஐயுற்ற காலம் அது. எனினும் பள்ளியில் கற்றவர் பாடினர். அவர் பிள்ளைகளும் பாடினர்.

இங்கேதான் இக்காலக் குழுக்களை வியந்து போற்றும் மறுசாராரோடு நமக்கு முரண். ஆலயம் நிறைந்தது, இளைஞர் வந்தனர், உள்ளம் உருகிற்று, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கின்றனர். அடுத்த ஞாயிறு வேண்டும் என்பதே நம் விடை. ஃபங்க் சென்ற பின் ஊரில் பாட்டு எஞ்சியது. ஒலிபெருக்கியும் மேடையும் கொண்டு வந்து, சபையார் அறியாத பாடல்களைத் தாமே பாடிவிட்டுச் செல்லும் குழு எதை விட்டுச் செல்கிறது? தன் குரல் போதாது என்னும் எண்ணத்தை அன்றோ! நேற்றுவரை கூச்சமின்றிப் பாடிய மூதாட்டி இன்று வாய்மூடிக் கேட்கிறாள் என்றால், அவ்வழிபாடு வென்றதா, தோற்றதா?

பாடல் நடத்துவார் இல்லாத சிறு சபை என்ன செய்யும் எனக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சபை குழுவை அழைக்கட்டும். ஆனால் கற்பிக்க அழைக்கட்டும். சனிக்கிழமை மாலையே வந்து சபையாரோடு அமர்ந்து பயிலட்டும். சபையின் பாடல் நூலிலிருந்தே பாடல்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பாடலையேனும் உள்ளூரார் ஒருவர் எழுந்து நடத்தட்டும். அவர் தடுமாறினாலும் கேடில்லை.

1969இல் வெளிவந்த மெனோனைட் பாடல் நூலில் 606 என்னும் எண்ணுடைய புகழ்ச்சிப் பாடல் ஒன்று உண்டு. 1992இல் வந்த புதிய நூலில் அதன் எண் 118 ஆயிற்று. ஆயினும் மக்கள் அதை 606 என்றே அழைத்தனர். ஏடின்றி எழுந்து நின்று நான்கு குரலில் பாடினர். எண் மாறியும் பாட்டு மாறாமைக்குக் காரணம், அது மேடைக்குரியதாய் இராமல் மக்கள் நாவுக்குரியதாய் இருந்ததே. வருகை தரும் குழுக்கள் இப்படி ஒரு பாட்டையேனும் சபையாரின் நாவில் விட்டுச் செல்லட்டும். அதைச் செய்ய இயலாத குழு, எத்துணை இனிதாகப் பாடினும், வீட்டிலேயே இருக்கலாம்.