சான்று தேவை

போன மாதம் ஒரு பெண் தன் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் காட்டு ஊர். அந்த ஊரின் சேரி. தமிழ் விக்கிப்பீடியாவில் பூச்சிமருந்துச் சட்டம் பற்றி ஒரு முழுமையான கட்டுரை எழுதப்போகிறேன், நீங்கள் அதில் கொஞ்ச காலமாக எழுதுகிறீர்களே, பார்த்துத் திருத்திக் கொடுங்கள் அண்ணா என்றாள். நான் கவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு வங்கிக் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் கலைக்களஞ்சிய வேலை. சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அவள் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'பூச்சிமருந்தை அடிப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத தலித்துகள். என் அப்பா இருபது வருடம் அடித்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. டம்ளரைப் பிடிக்க முடியாது.'

முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சான்று தேவை' என்று எழுதினேன். மற்ற வரிகளை அடித்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சான்றுன்னா, எங்கப்பாவக் கூட்டிட்டு வரட்டுமா அண்ணா?"

எனக்குச் சுருக்கென்றது. கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு தினமும் நான் சொல்கிற வார்த்தைதான் இது. இந்தத் தாள் இல்ல, அந்தக் கையெழுத்து இல்ல, போய் வாங்கிட்டு வாங்க. நம் சனங்கள் பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தையும் இதுதான். நான் இன்ன சாதி என்று நிரூபிக்கச் சான்று, இந்தப் புறம்போக்கில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறேன் என்பதற்குச் சான்று, எங்கள் தெருப் பையனை வெட்டினார்கள் என்பதற்குச் சான்று. இப்போது நடுங்குகிற கைக்கும் சான்று கேட்கிறேன், அதுவும் நான்.

ஆனாலும் அந்த விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 'என் அப்பாவுக்கு நடுங்குகிறது' என்பதைச் சான்றில்லாமல் அனுமதித்தால், நாளைக்கு மருந்துக்கடைக்காரர் பையன் வந்து 'என் மாமா முப்பது வருடம் அடித்தார், கல்லுமாதிரி இருக்கிறார்' என்று எழுதுவான். அதையும் அனுமதிக்க வேண்டும். குரல் உயர்த்துகிறவன் பேச்சே நிற்கும் என்றால், ஊரில் குரல் உயர்த்தும் உரிமை இதுவரை யாரிடம் இருந்தது? கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவனின் சொல்லுக்கு எடை கிடையாது. அவன் காட்டுகிற ஆதாரத்துக்குத்தான் எடை. இது நமக்குப் பாதகம் என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். முழுக்க அப்படியில்லை.

"அப்பாவை அடிச்சிட்டேன், சரி. சட்டத்தையே படிப்போம். அது என்ன சொல்லுதுன்னு அப்படியே எழுது" என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தோம். அவளுக்கு வேதியியல் தெரியும், எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ் தெரியும்.

1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விஷமும் உணவுச் சரக்கும் ஒரே கப்பலில் வந்திருந்தன. அதன்மேல் நடந்த விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் 1968இல் பூச்சிமருந்துச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. அதாவது தின்கிறவன் செத்தபோது பிறந்த சட்டம் இது. அடிக்கிறவன் அதற்கு முன்னும் செத்திருப்பான். அதற்கு விசாரணை இல்லை.

பிறகு டப்பாவின்மேல் இருக்கிற சாய்சதுரம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சோதனை விலங்குக்கு வாய்வழி கொடுத்து, பாதி சாகிற அளவைக் கணக்கிடுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரைக்குள் செத்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கும் மேலே பச்சை. "பச்சைன்னா பயிருக்கு நல்லதுன்னு எங்கப்பா நெனச்சுக்கிட்டிருந்தாரு" என்றாள். "எலிக்குக் கணக்கு இருக்கு அண்ணா. எலிக்குச் சான்று இருக்கு." நான் பதில் சொல்லவில்லை.

விதிகளில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. முதலுதவி, பாதுகாப்பு உடை, மூச்சுக் கருவி, பயிற்சி எல்லாம் இருக்கின்றன. படித்தால் சீமைச் சட்டம்போலத் தோன்றும். பெரம்பலூர் வெயிலில் லுங்கியை மடித்துக் கட்டி, துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, டேங்க் கணக்குக்குக் கூலி வாங்கும் மனுசனுக்கும் இந்த விதிக்கும் என்ன சம்பந்தம்? தேடினோம். இரண்டு இடத்தில் விடை கிடைத்தது.

ஒன்று, 'தொழிலாளி' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம்: பணி ஒப்பந்தத்தின் கீழோ பயிற்சியாளராகவோ வேலைக்கு அமர்த்தப்பட்டவர். இரண்டு, 38ஆம் பிரிவு. ஒருவர் தன் வீட்டுக்கோ, காய்கறித் தோட்டத்துக்கோ, தன் சாகுபடியில் உள்ள நிலத்துக்கோ மருந்தைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டத்தில் எதுவும் பொருந்தாது என்கிறது.

திரும்பப் படியுங்கள் தோழர்களே. தன் சாகுபடியில் உள்ள நிலம். நிலம் யாருக்கு இருக்கிறது? மருந்துக் கம்பெனியின் கேட்டுக்கு உள்ளே, கிடங்கில், கடையில் சட்டம் இருக்கிறது. வரப்பில் கால் வைத்தால் சட்டம் நின்றுவிடுகிறது. அந்த வரப்புக்கு உள்ளேதான் அவள் அப்பா இருபது வருடம் முதுகில் டேங்க்கோடு நடந்தார். 'வேலைக்குக் கூப்பிட்டேன், வந்தான்' என்பதற்கு என்ன ஒப்பந்தம்? பயிர்க்கடனுக்கு வரும் சிட்டா அடங்கல்களைப் பார்க்கிறவன் நான். நிலத்துக்காரர் பெயர் இருக்கிறது, பயிர் இருக்கிறது, மருந்துச் செலவும் கணக்கில் வருகிறது. மருந்தடித்தவன் பெயரை ஒரு தாளிலும் நான் கண்டதில்லை. கையுறைக்கு ஒரு ரூபாய் எழுதியும் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று. 26ஆம் பிரிவு. மருந்தைக் கையாண்டதால் நஞ்சேறிய நிகழ்ச்சிகளைத் தெரிவிக்கும்படி மாநில அரசு அறிவிக்கை மூலம் யாரையும் கேட்கலாம். கேட்கலாம், கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. கேட்காவிட்டால் ஆஸ்பத்திரியில் 'மயக்கம், வாந்தி' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஏட்டில் இல்லை, அதனால் ஆய்வில் இல்லை, அதனால் கலைக்களஞ்சியத்தில் இல்லை. கடைசியில் நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து 'சான்று தேவை' என்கிறேன். சங்கிலியின் கடைசிக் கண்ணி நான்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காசர்கோட்டைப் பாருங்கள். அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். சனங்கள் விடாமல் போராடினார்கள். பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் உண்டானது. 2011இல் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. இன்றைக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினால் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. அதே 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தபோதும் செய்தி வந்தது, கூட்டமாகச் செத்ததால். தனித்தனியாக, ஒரு காட்டுக்கு ஒரு ஆளாக, வருடக்கணக்கில் நடுங்கிக்கொண்டே ஒடுங்குகிறவர்களுக்குத்தான் ஏடு இல்லை.

"அவங்க களஞ்சியத்துல நாம ஏன் எழுதணும், நமக்கு நாமே எழுதிக்குவோம்" என்று சொல்கிற தோழர்களை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாளைக்கு எதைத் திறந்து பார்க்கும்? அதைத்தான். நாம் விட்டுவிட்ட இடம் காலியாக இருக்காது. 'விவசாயிகள் பாதுகாப்பு உடை அணிந்து மருந்து தெளிக்க வேண்டும்' என்ற யோக்கியமான வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் விவசாயி யார், தெளிப்பவர் யார் என்ற வித்தியாசமே இருக்காது.

அதனால் என் கருத்து இதுதான். களஞ்சியத்திலும் எழுத வேண்டும். அதற்குமுன் சான்றை நாமே உண்டாக்க வேண்டும். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அன்றைய பெரிய மனுசர்கள் அதைச் சான்றாக மதித்தார்களா? ஆனால் அச்சில் இருந்தது, தேதியோடு இருந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அதைத் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது, தமிழக வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சிறுபத்திரிகைதானே என்று நம்மை நாமே மட்டமாக நினைக்க வேண்டாம்.

இந்தப் பத்திரிகைக்குக் கவிதை நிறைய வருகிறது, என்னுடையதும் வருகிறது. குறையட்டும். மருந்தடிக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த வருடம், என்ன பயிர், டப்பாவில் என்ன நிறம், என்ன பெயர், ஒரு நாளைக்கு எத்தனை டேங்க், என்ன கூலி, எந்த ஆஸ்பத்திரி, சீட்டில் என்ன எழுதினார்கள். சொன்னவர் சம்மதித்தால் பெயரோடு. அழகாக எழுத வேண்டாம், சரியாக எழுதுங்கள். அச்சேறிவிட்டால் 'இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார்' என்று யாரும் எடுத்துக்காட்டலாம்.

அவள் கட்டுரை இப்போது வெளியாகிவிட்டது. அதில் அப்பா இல்லை. ஆனால் 38ஆம் பிரிவு முழுசாக இருக்கிறது, 'தொழிலாளி' விளக்கத்துக்குப் பக்கத்திலேயே. முதல் பத்தியில் 'பேச்சுவழக்கில் மருந்து எனப்படும்' என்று சேர்த்திருக்கிறாள். நம் சனங்களுக்கு அடிக்கிறதும் மருந்துதான், குடித்துச் சாகிறதும் மருந்துதான். அந்த வரியில் நான் கை வைக்கவில்லை.

போன ஞாயிறு அவள் ஊருக்குப் போனேன். அவள் அப்பா இரண்டு மணி நேரம் பேசினார். அவள் எழுதிக்கொண்டாள். முடித்துவிட்டு வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் மறித்தார்: "பன்னெண்டு டேங்க் இல்ல பாப்பா, பதினாலு. சரியா எழுது."

திருத்தினாள். அடுத்த இதழுக்கு அனுப்பியிருக்கிறோம்.