உட்கார ஓரிடம்

கேம்பிரிட்ஜில் மாட்லின் கல்லூரி இருக்கிறது. எழுத்துக்கூட்டினால் மக்தலேன் என்று வரும், சொல்வது மாட்லின். நாட்குறிப்பால் பெயர்பெற்ற சாமுவேல் பீப்ஸின் நூல்கள் அங்கேதான் உள்ளன. அவர் இறந்தது 1703இல். நூல்கள் கல்லூரிக்கு வந்தது 1724இல். மொத்தம் 3000. ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது, மீறினால் அத்தனையும் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்விடும் என்பது அவர் விதித்த நிபந்தனை. உயர வரிசையில் அடுக்கியவர், குட்டையான புத்தகங்களுக்கு அடியில் மரக்கட்டை செய்துவைத்து மட்டம் சரிபார்த்திருக்கிறார். அந்த அக்கறைக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்த நூல்கள் இருக்கும் கட்டடத்தில்தான் மாணவர் நூலகமும் வெளிச்சம் போதாமல் நெருக்கியடித்துக் கிடந்தது. 1988 வரை பெண்களைச் சேர்க்காத கல்லூரி அது; பிறகு அவர்களும் வந்தார்கள். புத்தகம் கூடக் கூடாது என்று உயில் எழுதலாம். வந்து படிக்கிற பிள்ளைகள் கூடக் கூடாது என்று எழுத முடியுமா?

பீப்ஸின் அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பக்கத்தில் செங்கல்லும் மரமுமாகப் புதிய நூலகம் எழும்பியது. நானூறு ஆண்டு நிற்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் நியல் மெக்லாக்லினிடம் கல்லூரி கேட்டது. 2021இல் வேலை முடிந்தது; மறு ஆண்டு கட்டடக் கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு. வரிசையாக நிற்கும் செங்கல் புகைபோக்கிகள் தளங்களின் பாரத்தைத் தாங்குகின்றன. சூடேறிய காற்றை மேலே இழுத்து வெளியேற்றுவதும் அவையே. ஆவணக் காப்பகமும் சிறு கலைக்கூடமும் உண்டு. எங்களை ஈர்த்தவை ஜன்னலோர இருக்கைகள். தோட்டத்தைப் பார்த்தபடி தனியாகவும் உட்காரலாம், தோழியோடும் உட்காரலாம். இரவு பகல் எந்நேரமும் மாணவர்கள் வரலாம்.

இதை எழுதுபவர் படித்த கல்லூரியிலும் நூற்றாண்டு கண்ட மண்டபம் உண்டு. பட்டமளிப்பு நாளில் மட்டும் பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்தோம். காவலாளி வந்தால் எழுந்தோம். மூன்றாண்டில் கற்றதில் பாதி அந்தப் படிக்கட்டில், நண்பர்கள் வாயால் கேட்டது.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க நிதி வந்தால் நம் ஊரில் வகுப்பறை, ஆய்வகம், அலுவலகம் என்று கணக்குப் போடுகிறார்கள். கூடி உட்காரும் இடம் அந்தப் பட்டியலில் ஏறுவதே அபூர்வம். கல்லூரி முதல்வர்களையும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: வரைபடத்தைக் கையெழுத்துக்கு அனுப்பும் முன், பாடவேளை இல்லாத மாணவி எங்கே உட்காருவாள் என்று அதில் விரல் வைத்துக் காட்டுங்கள். அங்கே மின்விசிறி ஓடட்டும், குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும், கடைசிப் பேருந்து வரும்வரை விளக்கு எரியட்டும்.