அடிக்காமல் நடந்தவர்

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில், அடிக்கத் தகாத பந்துகள் நான்கை விட்டுவிட்டால், மட்டை பிடித்தவர் சாவகாசமாய் முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அடிகளை மட்டுமே எண்ணிய பழைய விகிதத்தில் இந்த நடைக்கு இடமே கிடையாது. வாஷிங்டன் கோஷ்டிக்கு முதலில் ஆட வந்த எடி யோஸ்ட் என்பவர் 1956-ல் பெற்ற அடிகள் 119, நடைகளோ 151! அடி விகிதம் .231தான், பார்க்கப் பரிதாபம். ஆனால் நூற்றுக்கு நாற்பத்தொரு தடவை அவர் தளம் சேர்ந்துவிட்டார். முதல் ஆட்டக்காரருக்கு வேறென்ன வேலை? பின்னால் வரும் பலசாலி பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினாலும், தளத்தில் ஆளில்லாவிட்டால் ஓட்டம் ஒன்றே அல்லவா! கோஷ்டியின் கைமுதல் இருபத்தேழு அவுட்டுகள். அவற்றை விரயம் செய்யாத பொறுமையை நாம் ஆற்றல் என்றே சொல்லுவோம். தளம் சேரும் விகிதம் அதிகாரபூர்வமான கணக்கில் ஏறியது 1984-ல்தான்.