படத்தின் மூலை போனால் போகட்டுமா?

சாய்ந்திருக்கும் ஒரு படத்தை நிமிர்த்துவது கணினி படிக்கும் மாணவருக்கு ஒரு வரி வேலை. பைத்தானில் பில்லோ லைப்ரரியின் ரொட்டேட் கட்டளைக்கு எத்தனை டிகிரி என்று சொன்னால் போதும், படம் திரும்பிவிடும். கூடவே அதன் மூலைகளும் காணாமல் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெட்டுவதைக்கூட மன்னிக்கலாம், சொல்லாமல் வெட்டுவதுதான் தவறு.

மூலை ஏன் வெட்டுப்படுகிறது? ஒரு செவ்வகத்தைச் சாய்த்தால் அது அடைக்கும் இடம் கூடுகிறது. 800 பிக்சல் அகலமும் 600 பிக்சல் உயரமும் உள்ள படத்தை 30 டிகிரி திருப்பினால், முழுப்படமும் தெரிய 993 அகலம், 920 உயரம் வேண்டும். ஆனால் நிரலோ பழைய 800க்கு 600 சட்டத்தையே வைத்துக்கொண்டு, வெளியே நீளும் பகுதியை எறிந்துவிடுகிறது. 90 டிகிரி திருப்பினால் கூத்து இன்னும் பெரிது. மேலும் கீழும் நூறு நூறு பிக்சல் போய், படத்தில் கால் பங்கு காலி. இரு பக்கமும் வெறும் கறுப்புப் பட்டை.

இரண்டு மூன்று டிகிரிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ஓலைச்சுவடியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓலை நீளமானது, அகலம் குறைந்தது. ஓர் ஏட்டின் படம் 3000க்கு 300 பிக்சல் என்று கொண்டால், 3 டிகிரி திருப்பினாலே இரு முனைகளும் ஏறத்தாழ 78 பிக்சல் மேலும் கீழும் நகர்கின்றன. ஏட்டில் எட்டு வரிகள் இருந்தால், ஒரு முனையில் மேல் இரண்டு வரிகளும் மறுமுனையில் கீழ் இரண்டு வரிகளும் போய்விடும். அந்தப் படத்தைச் சேமித்துவிட்டு மூலப்படத்தை அழித்துவிட்டால், ஓலையும் ஒருநாள் செல்லரித்துப் போனால், அந்த வரிகளைத் திரும்பப் பெற வழியே இல்லை.

இத்தனைக்கும் தீர்வு பள்ளிக் கணக்குதான். புதிய அகலம் என்பது பழைய அகலத்தைக் கொசைனாலும் பழைய உயரத்தைச் சைனாலும் பெருக்கிக் கூட்டியது. புதிய உயரத்துக்கு அகலத்தைச் சைனாலும் உயரத்தைக் கொசைனாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். சைன், கொசைன் இரண்டிலும் மைனஸ் குறியை நீக்கிவிட வேண்டும். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். ஓப்பன்சிவியில் இதற்குப் பிறகு இன்னொரு படியும் உண்டு: பழைய மையத்துக்கும் புதிய மையத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுழற்சி மேட்ரிக்ஸின் கடைசி நெடுவரிசையில் கூட்ட வேண்டும். பலர் சட்டத்தைப் பெரிதாக்கிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். படம் ஒரு மூலையில் ஒதுங்கி, மறுபடியும் வெட்டுப்படுகிறது. பில்லோவில் அந்தச் சிரமமும் இல்லை. எக்ஸ்பாண்ட் என்ற விருப்பத்துக்கு ட்ரூ என்று கொடுத்தால் போதும். ஆனால் கேட்காவிட்டால் அது கிடைக்காது.

லைப்ரரிகளுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. மேட்லேபின் இம்ரொட்டேட்டும் சைபையின் ரொட்டேட்டும் ஒன்றும் சொல்லாவிட்டால் சட்டத்தைப் பெரிதாக்கி முழுப்படத்தையும் காக்கின்றன. பில்லோவும் சைகிட் இமேஜும் ஒன்றும் சொல்லாவிட்டால் வெட்டுகின்றன. ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது, தெரியாமலே படத்தை இழக்கிறார்.

வெட்டுவதற்கும் நியாயம் உண்டு. நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும்போது எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அனிமேஷனில் ஒவ்வொரு சட்டமும் அளவு மாறினால் படம் குதிக்கும். திருப்பிய படத்தையே மீண்டும் மீண்டும் திருப்பினால், ஒவ்வொரு முறையும் சட்டம் வீங்கிக்கொண்டே போகும், படமும் மங்கும். கடைசிச் சிக்கலுக்கு மூலப்படத்திலிருந்தே மொத்தக் கோணத்துக்கும் ஒரே தடவையில் திருப்புவதுதான் மருந்து. மற்ற இரண்டிலும் வெட்டு தேவை என்பது எழுதுபவருக்குத் தெரியும். அவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தெரியாதவருக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். கூடுதலாக வந்த வெற்றிடத்தை எப்போது வேண்டுமானாலும் வெட்டி எறியலாம். எறிந்த வரிகளை ஒட்ட முடியாது.

லைப்ரரிகள் மாறும்வரை மாணவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சதுரமல்லாத ஒரு வெள்ளைப் படத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நிறத்தில் சிறு கட்டங்கள் வைத்து, 3, 30, 90, 135 டிகிரி திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு நிறமும் ஒவ்வொரு முறையும் முழுதாகத் தெரிந்தால் நிரல் சரி. ஒன்று குறைந்தாலும் அந்த நிரலை யாருடைய ஆவணத்தின் மீதும் ஓட்டக் கூடாது.