ஊர் சுற்றத்தான் வாங்கினேன்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று 2015இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. இன்னொன்று இருபுறமும் இணைப்புச் சக்கரம் மாட்டிய கியர் இல்லாத ஸ்கூட்டர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவைக் கடக்கிறவர்கள் முதல் வண்டியைப் பார்த்து, "எப்ப தம்பி விக்கப்போற?" என்பார்கள். இரண்டாவதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. பின்னால் பையைக் கட்டிக்கொண்டு நான் செஞ்சிக்குக் கிளம்பும் நாளில் மட்டும் கேட்பார்கள்: "இதுலயா? இந்த வண்டில எதுக்குப்பா ஊர் சுத்தணும்?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கு எதிரானது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், பரிதாபப்பட வேண்டாம். 2019இல் ஒரு இரவு, வாலாஜாபாத் சாலையில், லாரியிலிருந்து கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தேன். வேகம் என்னுடையது, தப்பும் என்னுடையதுதான். இடது கணுக்கால் நொறுங்கியது. இன்று நடக்கிறேன், கோடு எழுதுகிறேன், படி ஏறுகிறேன். ஆனால் கிட்டத்தட்ட 190 கிலோ எடையுள்ள வண்டி சிக்னலில் இடதுபக்கம் சாய்ந்தால் அந்தக் கால் தாங்காது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இன்ஜினியரிங் படித்தவனுக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சக்கர வண்டி ஓடும்போதுதான் இரண்டு சக்கர வண்டி. நிற்கும்போது அதற்கு இன்னொரு தாங்கல் தேவை, அது உங்கள் கால். அதாவது மூன்றாவது சக்கரம் எல்லாரிடமும் உண்டு. உங்களுடையது இடுப்பிலிருந்து தொங்குகிறது, என்னுடையது வெல்டிங் செய்து மாட்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நானும் சிரித்தவன்தான். கல்லூரிக் காலத்தில் இணைப்புச் சக்கர வண்டி எங்களை முந்தினால் பசங்களோடு சேர்ந்து ஊளையிட்டிருக்கிறேன். அதில் போனவர் எங்கே போகிறார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஆஸ்பத்திரிக்கோ ரேஷன் கடைக்கோ என்று மனசு தானாகவே முடிவு செய்துவிட்டது. அவர் சும்மா மழைக்கு முந்தின காற்றை வாங்கப் போயிருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இதில் சட்டமும் நம்மைப் போலத்தான் யோசித்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படிப்பட்ட வண்டிக்குப் பெயர் 'இன்வேலிட் கேரேஜ்'. நோயாளி வண்டி என்று படிக்கலாம், செல்லாத வண்டி என்றும் படிக்கலாம். 2019 திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தேவைக்கேற்ப மாற்றியமைத்த வாகனம் என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். தமிழ்நாடு அரசு இவ்வகை ஸ்கூட்டர்களை இலவசமாகத் தருகிறது. எத்தனையோ பேர் அதனால்தான் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது படிக்கிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கப்படுகிறது. நிதி குறைவு, முன்னுரிமை வேண்டும், புரிகிறது. புரியாதது, அரசின் அந்த முன்னுரிமைப் பட்டியலை ஊர் ஒழுக்க விதியாக எடுத்துக்கொண்டதுதான். கால் சரியில்லாதவன் உழைக்கலாம், படிக்கலாம், கோயிலுக்குப் போகலாம். காரணமே இல்லாமல் சுற்றினால் மட்டும் எல்லாருக்கும் உறுத்துகிறது.

அடுத்து, புல்லட் பக்தர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்தில் 2013இலும் வல்லம் வடகாலில் 2017இலும் என்ஃபீல்டு ஆலைகள் வந்தன. அதனால் இங்கே பக்தி கொஞ்சம் அதிகம். "சைடு வீல் மாட்டுனா அது பைக்கே இல்ல மச்சி. பைக்னா பேலன்ஸ்" என்று ஒரு நண்பன் சொன்னான். சரி, எந்த பைக்? பல பத்தாண்டுகள் வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போனது, ஏற்றுக்கொண்டீர்கள். கார்புரேட்டர் போனது, சரி என்றீர்கள். 2021இல் வந்த புது கிளாசிக்கில் கிக்கரே கிடையாது, அதையும் வரிசையில் நின்று வாங்கினீர்கள். இத்தனைக்குப் பிறகும் சாகாத 'கிளாசிக்', இரண்டு சின்னச் சக்கரத்தால் செத்துவிடுமா?

1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த ரைட்வாகனைத்தான் பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார்சைக்கிள் என்கிறார்கள். மரச்சட்டம், முன்னும் பின்னும் இரண்டு சக்கரம், விழாமல் இருக்க இருபுறமும் இரண்டு குட்டிச் சக்கரம். என் ஸ்கூட்டருக்கும் அதே அமைப்பு. எண்ணினால் நாலு, ஆனால் ஊரில் பெயர் மூணு சக்கர வண்டி. பாரம்பரியம் பேசுகிறவர்களே, வாசலில் நிற்கும் இரண்டில் எது மூதாதை ஜாடை?

என் வண்டியைப் புகழ வரவில்லை. இரண்டு சக்கரம் ஒரே தடத்தில் ஓடும், இது மூன்று தடத்தில் ஓடும். ஒரு பள்ளத்தைத் தவிர்த்தால் இன்னொன்றில் இறங்கும். வளைவில் வண்டி சாயாது, நாம்தான் உள்பக்கம் சாய வேண்டும். வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டுத் தூக்கும். கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்குப் பறக்கும் நேரத்தில் ஒரகடம் மேம்பாலத்தடியில் இதை ஓட்டிப் பாருங்கள், பேலன்ஸ் என்றால் என்ன என்று தெரியும். வாலாஜாபாத், காஞ்சிபுரம், வந்தவாசி தாண்டி செஞ்சி மலை கண்ணில் படும்போது முதுகு கழன்றிருக்கும். அந்த வலி நானே தேடிக்கொண்டது. அதனால்தான் பிடிக்கிறது.

கிளாசிக்கை ஏன் விற்கவில்லை? அதை இப்போது தங்கச்சி ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு எண்ணெய் போடுவது நான். போன மாசம் இரண்டு பேரும் இரண்டு வண்டியில் செஞ்சிக்குப் போனோம். வழியில் டீக்கடையில் ஒருவர் அவளிடம், "அண்ணனை எங்கம்மா கூட்டிட்டுப் போற, ட்ரீட்மெண்டுக்கா?" என்று கேட்டார்.

"அவர்தாங்க என்னைக் கூட்டிட்டுப் போறாரு" என்றாள். "சும்மா, ஊர் சுத்த."

அவர் என் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு, எல்லா வண்டிக்காரர்களிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "மைலேஜ் எவ்ளோ தம்பி குடுக்குது?"

எனக்கு அந்தக் கேள்வி போதும்.