கட்டில்களை எண்ணினால் போதுமா?

முதுமை, சொல்லாமல் வந்து கதவைத் தட்டும் விருந்தன்று. தேக்கா வட்டாரத்தின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளில் அஃது உலகச் சாதனையாயிற்று. அக்குழந்தைகள் 2026இல் அறுபது வயதை எட்டுகின்றனர். முதியோர் பெருக்கம் எதிர்பாராது நேர்ந்தது என்று எவரும் கூற இயலாது.

சிங்கப்பூர் அரசு அதனை எதிர்பாராமலும் இல்லை. 1982இல் ஹாவ் யூன் சோங் தலைமையில் முதியோர் பிரச்சினைகளை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. 1984இல் வெளிவந்த அறிக்கை, மத்திய சேமநிதியைத் திரும்பப் பெறும் வயதை ஐம்பத்தைந்திலிருந்து உயர்த்தப் பரிந்துரைத்தது. மக்கள் கொதித்தனர், பரிந்துரை கைவிடப்பட்டது. பின்னர், 1993இல் ஓய்வு வயது சட்டப்படி அறுபதாயிற்று. கணக்கு வேறு, மனிதர் மனம் வேறு என்பதே அந்நிகழ்ச்சி புகட்டிய பாடம். அப்பாடம் முற்றும் கற்கப்பட்டதா?

ஆங் மோ கியோவை நோக்குவோம். 1973இல் எழத் தொடங்கிய அந்நகரில் இளங்குடும்பத்தினராய்க் குடியேறியோர் இன்று தாத்தா பாட்டியர். அங்கே 1993இல் சமூக மருத்துவமனை தோன்றியது. 2002இல் தை ஹுவா குவான் அறச்சங்கத்தின் பொறுப்பில் வந்தது. பக்கவாதத்தினின்று மீண்டவரும் இடுப்பெலும்பு முறிந்தவரும் மீண்டும் நடைபயின்று இல்லம் திரும்பத் தேறும் இடமே சமூக மருத்துவமனை. அத்தகைய இடத்தில் மருந்துக்கு இணையாகப் பணிபுரிவது பேச்சு. காலை எங்கே ஊன்றுவது என்று பயிற்றுநர் சொல்லவேண்டும். எங்கே வலிக்கிறது என்று முதியவர் சொல்லவேண்டும்.

மருத்துவத் திட்டம் தீட்டுவோரும் அவர்தம் ஆலோசகரும் கட்டில்களை எண்ணுகின்றனர், தாதியரை எண்ணுகின்றனர், செலவை எண்ணுகின்றனர். எண்ணவேண்டியவைதாம். 2030இல் குடிமக்களுள் நால்வரில் ஒருவர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவராயிருப்பார் என்னும் நிலையில், எண்ணாதிருப்பதே குற்றம். ஆயின், எண்ணிக்கையோடு நின்றுவிடுவதும் குற்றமே.

தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி ஒருநாள், “நெஞ்சு கரிக்கிறது” என்கிறார். மற்றொரு நாள், “நெஞ்சை அடைக்கிறது” என்கிறார். ஆங்கிலமே பேசி வளர்ந்த பேரன் இரண்டையும் “நெஞ்சு வலி” என்றே மருத்துவரிடம் மொழிபெயர்க்கிறான். முன்னது செரியாமையாக இருக்கலாம். பின்னது இதய நோயாக இருக்கலாம். இவ்விரு சொற்களுக்கிடையே ஓர் உயிர் ஊசலாடக்கூடும். எந்தத் திட்ட அட்டவணையில் இதற்குக் கட்டம் உண்டு?

“தமிழறிந்த தாதியர் உளரே! மொழிபெயர்ப்புக் கருவிகளும் வந்துவிட்டனவே!” என்பர் சிலர். நள்ளிரவில் அத்தாதி வேறொரு கூடத்தில் பணியிலிருக்கலாம். பல்லிழந்த வாயின் முனகலைக் கருவி எவ்வளவு புரிந்துகொள்ளும்? மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளியையே முதலில் நிறுத்தினார். மருத்துவரையும் மருந்தையும் பின்னரே வைத்தார். இன்றைய திட்டங்களிலோ நோயாளி இறுதியில் வருகிறார். அதுவும் எண்ணாக வருகிறார்.

பழி அனைத்தையும் திட்டம் தீட்டுவோர்மீது சுமத்தித் தமிழர் தப்பிவிடவும் முடியாது. மரபுத்தொடர்களையும் இணைமொழிகளையும் மனனம் செய்து மதிப்பெண் பெறும் மாணவனுக்குக் கிறுகிறுப்புக்கும் படபடப்புக்கும், குடைச்சலுக்கும் மரத்துப்போதலுக்கும் வேறுபாடு தெரிகிறதா? தெரியவில்லையெனில், பாட்டியின் நோயைப் பேரனிடமிருந்து மறைத்தது வகுப்பறையே அன்றோ?

செய்யவேண்டியவை இரண்டு. முதியோருக்கான திட்டக்குழுவில் முதியோர் அமரவேண்டும். அவரவர் தாய்மொழியில் அவர்களிடம் கேட்டபின்னரே திட்டம் முடிவாகவேண்டும். தமிழ் வகுப்பில் உடலையும் நோயையும் பற்றிய சொற்கள் இடம்பெறவேண்டும். மாணவர் வாரம் ஒருமுறையேனும் முதியோரிடம் சென்று அச்சொற்களைக் கேட்டுப் பழகவேண்டும்.

கட்டில்கள் பெருகட்டும். அவற்றில் படுத்திருப்போர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் செவிகளும் பெருகவேண்டும். அச்செவிகளை உருவாக்கும் கடமை தமிழாசிரியருடையது.