பிடி இறுகிய கை

கிறிஸ்தவ இரக்கத்தில் தொடுதலுக்குத் தனி இடம் உண்டு. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ஊரே ஒதுக்கிய தொழுநோயாளியை இயேசு கைநீட்டித் தொட்டே குணமாக்குகிறார். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவராக இருந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். பிடி இறுகியது, வலித்தது. அப்படியானால் தசைகள் எல்லாம் செத்துவிடவில்லை! நல்ல தசைநாணை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் சிகிச்சைக்கு அந்தப் பிடிதான் வழிகாட்டியது.

விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் அவை சிதைகின்றன என்பதும் பிறகு தெளிவானது. சுடும் பாத்திரம், செருப்பில் துருத்திய ஆணி, இரவில் விரலைக் கொறிக்கும் எலி எதுவும் உறைக்காது. கால் புண்ணுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு தரப்பட்டது. எலிக்கு? நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். எந்த மருத்துவ நூலிலும் இல்லாத சிகிச்சை. ஆனால் உண்மையான இரக்கம் இப்படித்தான் அற்ப விஷயங்களில் இறங்கி வேலை செய்யும்.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. கை நிமிர்ந்தவர்களுக்குப் பிச்சை குறைந்தது. தழும்பைப் பார்த்தவர்கள் வேலையும் தரவில்லை. மருத்துவம் படிக்கும் முன்பே தச்சு பழகியிருந்த பிராண்ட், பட்டறை அமைத்து அவர்களுக்கு மரவேலை கற்றுக்கொடுத்தார். அங்கே அவர்கள் பொம்மைகள் செய்தார்கள்.